‘ஸேலிக்’, ‘சில்லி’: சொல்வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மன் நூல்களைத் தமிழாக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களின் கைப்படிகளைப் படிக்கும்போது, முன்பு நானே செய்த பிழைகள் வரிசை மாறாமல் திரும்பி வருவதைக் காண்கிறேன். ‘பேறுபெற்ற’ என்று பொருள்படும் ‘ஸேலிக்’ என்ற ஜெர்மன் பெயரடை அவர்களை அடிக்கடி இடறிவிடுகிறது. டச்சு மொழியின் ‘ஸாலிக்’, ஆங்கிலத்தின் ‘சில்லி’ ஆகியவை அதன் உறவுச் சொற்கள். அகராதியைப் புரட்டாமல் எழுதுவது போன்ற பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

இன்றைய பொருளைப் பழைய நூலில் ஏற்றுதல்

பழைய ஆங்கிலத்தில் பேறுபெற்றவரைக் குறித்த ‘சில்லி’யின் மூல வடிவம், பிறகு மாசற்றவரையும், அதன்பின் இரங்கத்தக்கவரையும் குறித்து, 16ஆம் நூற்றாண்டுவாக்கில் அறிவிலியைக் குறிக்கத் தொடங்கியது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் மில்லர் கதையில் ஏமாறும் தச்சனை இச்சொல்லால் சுட்டும்போது, அப்பாவித்தனமும் பரிதாபமும் பேதைமையும் ஒருங்கே தொனிக்கின்றன. ‘முட்டாள்’ என்று மட்டும் எழுதினால் அந்தப் பகடி போய்விடும்.

‘ஆன்மா’விலிருந்து பிறந்ததாகக் கொள்ளுதல்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் பிழை இதுதான். ஜெர்மனில் ஆன்மாவுக்கு ‘ஸேலெ’ என்று பெயர். ஒலி ஒத்திருப்பதால் ‘ஸேலிக்’ அதன் வழிவந்தது என்று எழுதிவிடுகிறார்கள்; ஜெர்மானியரிலேயே சிலர் இந்த மயக்கத்தால் அதன் உயிரெழுத்தைத் தவறாக இரட்டித்து எழுதுவதுண்டு. இயேசுவின் மலைப்பிரசங்கத்தைப் பற்றிய ஒரு விளக்கநூலின் மெய்ப்பு என்னிடம் வந்தபோது, “ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்” என்ற வசனத்தில் பாக்கியவான்களுக்கு, பைபிளை ஜெர்மனில் பெயர்த்த லூத்தர் ஆண்ட ‘ஸேலிக்’ என்ற சொல்லுக்குள் ஆன்மா ஒளிந்திருப்பதாகக் கொண்டு அதன் ஆசிரியர் ஓர் அதிகாரத்தையே கட்டியிருந்தார். வசனத்திலேயே ஆவி வருகிறதே என்று வாதிட்டார். ஆனால் அந்த ஆவிக்கு லூத்தர் இட்டது ‘கைஸ்ட்’ என்பதன் வழிவந்த வேறொரு சொல். பக்கங்கள் கோக்கப்பட்ட பிறகு அதிகாரத்தை நீக்க நேர்ந்ததால், பொருளடக்கத்தையும் சொல்லடைவையும் திரும்பச் செய்த செலவு அவர் தலையில் விழுந்தது.

உறவுமொழி ஒன்றைப் பார்த்திருந்தாலே போதும். டச்சில் பேறு பெற்றவர் ‘ஸாலிக்’, ஆன்மாவோ ‘ஸீல்’. ஜெர்மனுக்கு உறவான, இன்று வழக்கிழந்த கோத்திக் மொழியில் 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா பெயர்த்த பைபிளில் நல்லவர், கனிவானவர் என்பதற்கு ‘ஸேல்ஸ்’ என்றும் ஆன்மாவுக்கு ‘ஸைவலா’ என்றும் வருகின்றன. இன்றைய ஜெர்மனின் முன்வடிவமான பழைய உயர் ஜெர்மனிலும் ‘ஸாலிக்’, ‘ஸேலா’ என இரண்டும் தனித்தே நின்றன. பின்னால் வரும் இகரத்தின் ஈர்ப்பால் முன்னதன் ஆகாரம் ஏகாரமாகத் திரிந்த பிறகுதான் அவை ஒலியில் நெருங்கின.

இதே வலையில் இன்னொரு கண்ணியும் உண்டு. கடும் உழைப்பைக் கோருவதைக் குறிக்கும் ‘ம்யூஸேலிக்’கில் பேறும் இல்லை, ஆன்மாவும் இல்லை; பாடு, உழைப்பு என்று பொருள்படும் ‘ம்யூஸால்’ என்ற பெயர்ச்சொல் விகுதி ஏற்றுத் திரிந்த வடிவம் அது.

இறந்தவரை மகிழவைத்தல்

‘மைன் ஸேலிகர் ஃபாட்டர்’ என்றால் காலஞ்சென்ற என் தந்தை; மகிழ்ச்சியான தந்தை அல்ல.

டச்சுச் சமையற்குறிப்பில் பேரின்பம்

உணவைப் பற்றி ‘ஸாலிக்’ என்று வந்தால், வெகு சுவை என்று எழுதினால் போதும்.

ஸ்வீடிய வடிவத்தைத் தனிச் சாட்சியாக எண்ணுதல்

ஸ்வீடிய மொழியின் ‘ஸாலிக்’ இடைக்காலத்தில் வட ஜெர்மனியின் மொழியான கீழ் ஜெர்மனிலிருந்து கடன் வாங்கப்பட்டது. ஆகவே அதை டச்சோடு சேர்த்து இரண்டு சான்றுகள் என்று கணக்கிடக் கூடாது. ஸ்காண்டிநேவிய மொழிகளுக்கு உரிய பரம்பரை வடிவம் விகுதியற்றது: ஸ்வீடியத்தில் ‘ஸெல்’, ஐஸ்லாந்தியத்தில் ‘ஸைட்ல்’. பின்னது அங்கே அன்றாட வணக்கச் சொல்லாகவும் வழங்குகிறது. பெயரடை என்பதால் பாலுக்கேற்ப மாறி, பெண்ணிடம் ‘ஸைல்’ ஆகும்.