வாழை மட்டைக் காகிதத்தில் உருவம் செய்ய

எழுதும் தாள் சுருங்கக் கூடாது. உருவம் செய்யும் தாள் சுருங்கினால்தான் அழகு. காகிதக் கூழை அடிக்க அடிக்க நார் தண்ணீரை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். காயும்போது தாள் இழுக்கும். பருத்தித் துணிக் கூழ் அவ்வளவு இழுக்காது, அது அச்சில் அழுத்தி எடுக்க நல்லது. இழுப்புக்கு வாழைதான்.

தார் வெட்டிய மரத்தின் மட்டையைச் சேலம் பக்கத்துத் தோட்டங்களில் கேட்டாலே தருவார்கள். காயவைத்து 2 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். நீளமாக விட்டால் கூழில் முடிச்சு விழும். இரவு முழுக்க ஊறவைத்து, காய்ந்த மட்டை ஒரு கிலோவுக்கு 200 கிராம் சலவை சோடா போட்டு இரண்டு மூன்று மணி நேரம் வேகவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். கையுறை கட்டாயம். துண்டை இழுத்ததும் நார் நாராகப் பிரிந்தால் சரி, வெந்துவிட்டது. வழவழப்புப் போகும்வரை அலசுங்கள்.

மிக்ஸி நாரை வெட்டிவிடும். கல்லில் வைத்து மரக்கட்டையால் அடித்தால் நார் நசுங்கி இழை இழையாகப் பிரியும். கை வலிக்கத்தான் செய்யும், ஆனால் தாளின் பலமே இங்கேதான் வருகிறது. கண்ணாடி பாட்டில் தண்ணீரில் ஒரு சிட்டிகை கூழைப் போட்டுக் குலுக்குங்கள். கட்டி தெரியாமல் ஒரே சீராகக் கலங்கினால் போதும். அப்புறம் கூழைத் தண்ணீரில் கலக்கி, கொசுவலை அடித்த சட்டத்தில் அள்ளி, தண்ணீர் வடிந்ததும் பழைய வேட்டித் துணிமேல் கவிழ்த்து எடுப்பதுதான்.

உருவத்தின் எலும்புக்கூட்டுக்கு மூங்கில் பிளாச்சு, அதாவது பிளந்த மூங்கில் பட்டை. கூடை முடைகிறவர்களிடம் வாங்கி நூலால் கட்டிக்கொள்ளுங்கள். ஈரத் தாளைத் தொய்வாகப் போர்த்தி, ஓரத்தை ஒரு அங்குலம் உள்ளே மடித்து அழுத்தினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். காயக் காயப் பறைத்தோல் மாதிரி விறைக்கும். தடித்த பிளாச்சு அசையாது, மெலிந்தது வளைந்து கொடுக்கும். எந்தப் பக்கம் வளைய வேண்டுமோ அந்தப் பக்கம் மூங்கிலைச் சீவிவிடுவேன். மீதியைத் தாளே செய்யும்.

ஏற்காட்டு மூடுபனியில் மெதுவாக, சீராக இழுக்கும், ஆனால் பூஞ்சைப் புள்ளி விழும், மின்விசிறி ஓடட்டும். கீழே சேலத்துச் சித்திரை வெயிலில் ஓரம் முந்திக் காய்ந்து கிழிந்துவிடும். நிழலில் வைத்து, ஓரங்களில் ஈரத்துணி சுற்றுங்கள்.

காய்ந்தபின் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவில் நீர்த்த கஞ்சி காய்ச்சி ஒரு பூச்சு கொடுத்தால் மேற்பரப்பு உரியாது. கஞ்சியின் ஈரத்தில் தாள் கொஞ்சம் தளரும், திரும்பக் காயும்போது விறைத்துவிடும். அதிகம் வளைந்த இடமிருந்தால் பூச்சுக்கு முன்பே தண்ணீர் தெளித்து, தளர்ந்ததும் கையால் நிமிர்த்திக் கட்டிவையுங்கள்.