பொதுநோக்கு மண்டபத்தில் பேச்சு புரிய வேண்டுமென்றால்: கூரை போடுமுன் செய்யவேண்டியவை

வன்னியில் இப்போது ஊருக்கொரு பொதுநோக்கு மண்டபம் எழும்புகிறது. பளிச்சென்ற ரைல்ஸ் தரை, பூசி மெழுகிய புளொக் சுவர், மேலே தகர சீற். பார்க்க அழகுதான். ஆனால் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் பின்வரிசையில் இருக்கும் அம்மாவுக்குத் தலைவர் பேசுவதில் பாதி புரியாது. மைக்கின் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும். கட்டிமுடித்த பிறகு இதைத் திருத்துவது செலவான வேலை. வரைபடம் கையில் இருக்கும்போதே தீர்மானித்துவிடுங்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். மண்டபத்தின் கனஅளவை 0.161ஆல் பெருக்கி, மேற்பரப்புகள் உறிஞ்சும் மொத்த அளவால் வகுத்தால், ஒரு சத்தம் அடங்கிப்போக எத்தனை செக்கன் எடுக்கும் என்று வரும். 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், 4.5 மீற்றர் உயரம் என்றால் 729 கன மீற்றர். தரை, சுவர், சீலிங் எல்லாம் சேர்த்து 567 சதுர மீற்றர். எல்லாமே கடினமான பரப்பு என்றால் உறிஞ்சுவது அதில் நூற்றுக்கு 3 பங்கு, அதாவது 17 அலகு (விழும் சத்தம் முழுவதையும் உறிஞ்சும் ஒரு சதுர மீற்றர் பரப்பு ஒரு அலகு). விடை ஏறத்தாழ 7 செக்கன். நூறு பேர் வந்து இருந்தால் ஆளுக்கு 0.45 வீதம் 45 அலகு கூடும். அப்போதும் 2 செக்கனுக்குக் கிட்ட நிற்கும். பேச்சுக்கு 1 செக்கன் அளவில் இருக்கவேண்டும். அதற்கு 117 அலகு தேவை, 55 அலகு குறைகிறது. விழும் சத்தத்தில் நூற்றுக்கு 70 பங்கை உறிஞ்சும் சீலிங் தட்டு என்றால் 80 சதுர மீற்றர் போதும். சீலிங்கின் பாதிதான்.

அந்தப் பாதியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். மேடைக்கு மேலும் முன்வரிசைகளுக்கு மேலும் சீலிங் கடினமாகவே இருக்கட்டும். பேசுபவரின் குரல் அதில் பட்டுத்தான் பின்னுக்குப் போகும். உறிஞ்சும் தட்டுகளைப் பின்பாதியிலும் இரு ஓரங்களிலும் போடுங்கள். பீவீசீ சீலிங்கும் துளையில்லாத ஜிப்சமும் பேச்சுச் சத்தத்தை உறிஞ்சாது. சீலிங் அடித்தாயிற்று, இனி எதிரொலி இராது என்று நம்பவேண்டாம். துளையிட்ட ஜிப்சத்துக்குப் பின்னால் கிளாஸ் வூல் (கண்ணாடி நார்ப் பஞ்சு) வைத்தாலோ, மினரல் பைபர் தட்டு போட்டாலோதான் பலன் உண்டு. வௌவாலும் அணிலும் புகாமல் கூரையோரத்தை வலையால் அடைக்க மறக்காதீர்கள்.

அடுத்தது பின்சுவர். மேடையிலிருந்து 18 மீற்றர் போய்த் திரும்பும் குரல், முன்வரிசைக்கு 100 மில்லிசெக்கன் பிந்தி வந்து சேர்கிறது. 50ஐத் தாண்டினாலே காது அதைத் தனிச் சத்தமாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கும். இதற்குத் தென்னந்தும்பு நல்ல பொருள், ஊரிலேயே கிடைக்கும். 4 அடிக்கு 2 அடி மரச்சட்டம், 2 அங்குல ஆழம். காயவைத்து உதறிய தும்பை இறுக்காமல் நிரப்பி, முகப்பில் பருத்தித் துணி இழுத்துக் கட்டுங்கள். சுவரோடு ஒட்டாமல் 2 அங்குல இடைவெளி விட்டு, தரையிலிருந்து 3 அடிக்கு மேலே மாட்டவேண்டும். அந்த இடைவெளி தாழ்ந்த குரலையும் பிடிக்கும். ஈரமும் கறையானும் ஏறினால் கண்ணில் படும். மேடைச் சுவரில் மட்டும் தும்பு வேண்டாம்: அங்கே மணவறை வரும், ஓமம் வளர்ப்பார்கள். முட்டைத் தட்டு ஒட்டுவது எங்குமே வேண்டாம். அது சத்தத்தைப் பெரிதாகக் குறைக்காது, தீ மட்டும் வேகமாகப் பிடிக்கும்.

மாரியில் இன்னொரு கஷ்டம். திறந்த யன்னலால் வெளியே போன சத்தம் திரும்பி வராது. வெயில் காலத்தில் மண்டபம் ஓரளவு தப்புவது அதனால்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு யன்னலைச் சாத்தியதும் எதிரொலி கூடும், தகரத்தில் மழையும் அடிக்கும். ஓட்டுக்கூரை இதில் எவ்வளவோ மேல். தகரம்தான் என்றால், சீற் ஏற்றுமுன் கூரைச் சட்டங்களுக்கு மேல் கம்பிவலை விரித்து, அதன்மேல் 2 அங்குலக் கிளாஸ் வூல் போட்டு, அதை அழுத்தியபடி சீற்றை இறுக்குங்கள். தகரத்தின் அதிர்வு அங்கேயே அடங்கும். மெல்லிய வெள்ளித்தாள் ரோல் வெக்கைக்கு உதவும், மழைச் சத்தத்துக்குப் போதாது. வேலைசெய்பவர்கள் முகக்கவசமும் கையுறையும் போடவேண்டும்.

மண்டபத்துக்குள் அலுவலக அறையோ முன்பள்ளியோ பிரிப்பதென்றால், இடைச்சுவரைச் சீலிங் மட்டத்தில் நிறுத்தாமல் கூரைத் தகரம் வரை ஏற்றுங்கள். 40 டெசிபல் தடுக்கும் சுவரில் நூற்றுக்கு ஒரு பங்கு ஓட்டை விட்டாலும் தடுப்பு 20க்கு இறங்கிவிடும். கதவின் அடியில் 1 சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தாலே கதவின் பரப்பில் நூற்றுக்கு அரைப் பங்கு திறந்து கிடக்கிறது. றபர் பட்டி அடியுங்கள்.

ஏ-9 வீதியோரக் காணி என்றால் மலசலகூடம், களஞ்சியம், சமையலறை மூன்றையும் வீதிப் பக்கம் வைத்து, பெரிய யன்னல்களை மற்றப் பக்கம் திறவுங்கள். பனை வரிசையும் வேலியும் வாகனத்தை மறைக்கும், இரைச்சலை மறைக்காது. கட்டிய மதில்தான் உதவும். அதுவும் யன்னலிலிருந்து பார்த்தால் லொறியின் இயந்திரம் தெரியாத உயரத்தில் இருக்கவேண்டும்.

ஸ்பீக்கர்: மேடையோரம் இரண்டு பெரியதைவிடப் பக்கச்சுவர்களில் நான்கு சிறியது நல்லது. முகம் ஆட்களை நோக்கிச் சரிந்திருக்கட்டும், பின்சுவரை நோக்கி அல்ல.

வேலை முடிந்ததும் விசிறிகளைப் போட்டுவிட்டு, ஒருவர் மேடையில் நின்று மைக் இல்லாமல் தொடர்பற்ற ஐம்பது சொற்களை வாசிக்கட்டும். பின்வரிசையில் ஒருவர் கேட்டு எழுதட்டும். எந்தச் சொற்கள் தவறின என்று பாருங்கள். க, ச, ப, த என்று தொடங்கும் சொற்களே தவறினால் விசிறி இரைச்சலோ எதிரொலியோ இன்னும் அதிகம். விசிறியை நிறுத்தி மறுபடி வாசித்தால் எது காரணம் என்று தெரியும்.

பிறகு திருத்தவேலைக்கு வரும் பெயின்ரரிடம் சொல்லிவையுங்கள்: தும்புச் சட்டத்தின் துணியிலும் சீலிங் தட்டிலும் இமல்ஷன் பூசக்கூடாது. துளை அடைபட்டால் அவை வெறும் பலகைதான்.