சென்சாரை மாற்றுவதற்கு முன்: காரில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகுகிறார்கள். அதில் வந்த கோடில் (கோளாறைச் சொல்லும் எண்ணில்) எந்த சென்சாரின் பெயர் இருக்கிறதோ அதை வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டு நாளில் விளக்கு திரும்ப எரிகிறது. காய்ச்சல் 103 காட்டினால் தெர்மாமீட்டரையா மாற்றுவோம்? ஓர் அளவு வரம்பைத் தாண்டிவிட்டது என்பதுதான் கோடு சொல்லும் செய்தி. தவறு அளந்த கருவியிலா, அளக்கப்பட்ட பொருளிலா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பி0171 நல்ல உதாரணம். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். உடனே, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் மேல் பழி விழும். அது ஒழுங்காக வேலை செய்ததால்தான் அந்தக் கோடே வந்திருக்கும். முதலில் பார்க்க வேண்டியது இன்டேக் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயில்) வெடித்த வேக்கம் ஹோஸ், ஏர் ஃபில்டருக்குப் பின்னால் வரும் ரப்பர் குழாயின் கிழிசல், பெட்ரோல் பிரஷர். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து இதே கோடு வரும்.

ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் இரண்டு இருக்கும்: புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பழைய வகையில் முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். பின்னது கிட்டத்தட்ட அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே துள்ளினால் கன்வெர்ட்டர் திறன் இழந்துவிட்டது. பி0420 என்ற கோடு வருவது அதனால்தான். இங்கே பின் சென்சாரை மாற்றுவது வீண் செலவு. புதிய சென்சார் மாட்டும்போது மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கப் பூசும் ஆன்டி-சீஸ் பசை மரையில் மட்டும் படலாம், முனையில் படக் கூடாது. இன்ஜினில் சாதாரண சிலிகோன் கேஸ்கெட் பசையைத் தாராளமாகப் பூசினால், அதன் ஆவியே சென்சாரின் முனையைப் பாழாக்கிவிடும்.

காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் (காற்றின் வழியைத் திறந்து மூடும் வால்வுக்கும்) நடுவில் இருக்கும். எல்லா வண்டியிலும் அது இருக்காது. பல சிறிய பெட்ரோல் கார்களில் மேனிஃபோல்டில் உள்ள பிரஷர் சென்சார்தான் அந்த வேலையைச் செய்கிறது. இருந்தால், உள்ளே சூடேறும் மெல்லிய கம்பியை விரலால் தொடாதீர்கள், காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், கார்புரேட்டர் கிளீனரும் வேண்டாம். இதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்து, நன்றாக உலர்ந்த பிறகே பிளக்கை (வயரை இணைக்கும் கனெக்டரை) செருக வேண்டும். எண்ணெய் பூசும் வகை ஃபில்டரில் எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் அந்தக் கம்பியில்தான் போய்ப் படியும்.

வானிலையைப் பார்க்கும் சென்சார்களில் அதிகம் ஏமாற்றுவது வெளி வெப்பநிலை சென்சார். இது முன் பம்பருக்குப் பின்னாலோ, சில வண்டிகளில் பக்கக் கண்ணாடிக்கு அடியிலோ இருக்கும். வெயிலில் டிராஃபிக்கில் நின்றால் ரேடியேட்டர் சூடும் தார்ச் சூடும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். அது கோளாறு அல்ல, ஓடத் தொடங்கியதும் மெல்ல இறங்கும். உண்மையான தொல்லை பம்பர் வேலைக்குப் பிறகு வருகிறது. சென்சாரைக் கிளிப்பில் மாட்டாமல் தொங்கவிடுவார்கள், அல்லது பிளக்கைச் செருக மறந்துவிடுவார்கள். இது சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. பிளக் கழன்றால் மின்தடை எல்லையில்லாமல் போகும், கம்ப்யூட்டர் அதை மைனஸ் 40 டிகிரி என்று படிக்கும். கடுங்குளிரில் ஏசி எதற்கு என்று சில வண்டிகள் கம்ப்ரஸரையே ஓட விடாது. சித்திரை வெயிலில் ஏசி வரவில்லை என்று கேஸ் நிரப்பக் காசு கொடுப்பதற்கு முன், பம்பருக்குப் பின்னால் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்.

இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரும் அதே வகைதான். தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப அந்த நீரின் வழியைத் திறக்கும் வால்வு) கூட்டிலோ இன்ஜின் ஹெட்டிலோ இருக்கும். பல சென்சார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். வண்டி சூடேறுகிறது என்றதும் "ஃபேனை டைரக்ட் பண்ணிடலாம்" என்பார்கள், அதாவது சென்சாரை விட்டுவிட்டு ஃபேனை நேராக ஓடவிடுவது. ஒப்புக்கொள்ளாதீர்கள். கூலன்ட் குறைவு, ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், கருகிய ரிலே எல்லாம் அதற்குப் பின்னால் மறைந்துகொள்ளும். கூலன்ட் இறங்கி சென்சாரின் முனை நீரில் முங்காமல் நின்றால் மீட்டர் முள்ளையும் நம்ப முடியாது.

மழை சென்சார் உள்கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். அது அனுப்பும் அகச்சிவப்பு ஒளி, கண்ணாடி உலர்ந்திருந்தால் முழுதாகத் திரும்பி வரும். துளி விழுந்த இடத்தில் ஒளி வெளியே கசியும், திரும்புவது குறையும், வைப்பர் ஓடும். கண்ணாடி மாற்றியபின் காய்ந்த கண்ணாடியிலும் வைப்பர் அடித்தால், சென்சாருக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள ஜெல் அட்டையில் காற்றுக் குமிழி இருக்கிறது என்று பொருள். பழைய அட்டையை எடுத்து ஒட்டினால் அப்படித்தான் ஆகும். அந்த இடத்தில் ஸ்டிக்கரும் ஃபிலிமும் வேண்டாம். கழுவும்போது வைப்பரின் ஆட்டோ நிலையை அணைக்க மறந்தால் வைப்பர் கையில் அடிக்கும்.

வீல் பேரிங் மாற்றிய மறுநாள் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தால் சக்கர வேக சென்சார் வாங்க ஓடாதீர்கள். பல புதிய பேரிங்குகளில் ஒரு பக்க சீலிலேயே வட, தென் துருவங்கள் மாறி மாறிப் பதித்த காந்த வளையம் இருக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டு பிரஸ் செய்துவிட்டால் சிக்னலே வராது, பிதுக்கி எடுத்தால் பேரிங்கும் போச்சு. பிரஸ் செய்வதற்கு முன் சிறிய ஊசி ஒன்றை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால் போதும், காந்தப் பக்கத்தில் லேசாக ஒட்டும். பழைய சுருள் வகை சென்சாரை ஓம் மீட்டரில் சோதிக்கலாம், ஏறக்குறைய 1 கிலோ ஓம் வரும். காந்தப் புலத்தை உணரும் புதிய ஹால் வகையில் ஓம் அளவுக்கு அர்த்தமே இல்லை. அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பிளக்கில்தான் பார்க்க வேண்டும்.

பின் பம்பர் பார்க்கிங் சென்சார் இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் கட்டாயம். அதிரும் தகட்டின் மேல் கனமாகப் பெயின்ட் அடித்தாலோ, தலைகீழாக மாட்டினாலோ தரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும், அல்லது வாயே திறக்காது. கூடுதலாக மாட்டும் பம்பர் கார்டும் அதன் பார்வையில் விழும்.

கடைசியாகத் தண்ணீர். பிரஷர் வாஷரை இன்ஜின் அறையில் கிட்டே பிடித்தால் பிளக்குகளுக்குள் நீர் புகுந்து பின்களில் பச்சை பூக்கும். எந்த சென்சார் மேல் சந்தேகம் வந்தாலும், முதலில் பிளக்கைக் கழற்றி அதைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது வயரை லேசாக ஆட்டி, ஸ்கேனரில் அளவு துள்ளுகிறதா என்று கவனியுங்கள். பேட்டரியைக் கழற்றிக் கோளாறு எண்ணை அழிப்பதாக இருந்தால், அதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரத்தைப் படம் எடுத்துவையுங்கள். கோளாறு வந்தபோது வண்டியின் வேகம், சூடு, ஆர்பிஎம் எவ்வளவு என்று அதில் இருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும்.