கரிமருந்துத் துப்பாக்கிக்கு வெந்நீர்தான் வைத்தியம்

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று உண்டு. அம்பாசமுத்திரம் பக்கத்து வயலில் பன்றி விரட்ட வாங்கியது. லைசென்ஸ் இன்றும் புதுப்பித்து வருகிறோம். அமெரிக்காவில் இருக்கும் மச்சானோ 1851 கோல்ட் நேவி என்ற பழைய அமெரிக்க ரிவால்வரின் நகல் வைத்திருக்கிறார். இரண்டிலும் போடுவது கரிமருந்து, அதாவது அந்தக் காலத்துக் கருப்பு வெடிமருந்து. இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான்: சுட்டபின் தங்கும் கரி.

அந்தக் கரியில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். குற்றாலச் சாரல் அடிக்கும் நாளில் கேட்கவே வேண்டாம், ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும். வெறும் எண்ணெய் தடவினால் உப்பு போகாது. தண்ணீரில்தான் கரையும். குழலைக் கட்டையிலிருந்து கழற்றி (மரத்தில் நீர் படக்கூடாது), கொதிக்கும் நீரும் கொஞ்சம் சோப்பும் விட்டுத் துணி சுற்றிய கம்பியால் தேய்க்க வேண்டும். ரிவால்வர் என்றால் உருளையின் ஒவ்வொரு அறையையும், வெடியைப் பற்றவைக்கும் சின்னத் தொப்பி மாட்டும் முளைகளையும் தனியாக. சூடேறிய இரும்பு தானே சீக்கிரம் உலர்ந்துவிடும். அப்புறம் துப்பாக்கி எண்ணெய் மெலிதாக. நல்லெண்ணெய் வேண்டாம், பிசுக்குக் கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால், வெடிமருந்து உள்ளே கிடக்கிறதா என்று பாருங்கள். முகத்தைக் குழல்வாய்க்கு நேரே கொண்டுபோகாமல் கம்பியை உள்ளே விட்டு, இறங்கிய நீளத்தைக் குழலின் வெளிநீளத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். குறைந்தால் கை வைக்காதீர்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

மச்சானிடம் நகல் ரிவால்வர் வாங்கிவரச் சொல்லும் ஆசை எனக்கும் வந்தது. இங்கே 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது, பெட்டியில் போட்டு வர முடியாது.