நீச்சல் உடை அணியாத நேரம்: வீட்டு நீச்சல்குளத்தில் குழந்தைகளைக் காப்பது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன்னர், சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில் இருக்கும் உறவினர் ஒருவரின் தரைவீட்டில் தீபாவளி விருந்து நடந்தது. உணவுத் தட்டுகளோடு உள்ளும் வெளியும் போய்வருவோருக்கு வசதியாக இருக்கட்டும் என்று, நீச்சல்குளத்துப் பக்கமாகத் திறக்கும் கதவுக்கு யாரோ ஒரு செருப்பை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். தண்ணீர் எடுக்கப் போன என் மனைவி தற்செயலாக வெளியே பார்த்தபோது, பட்டுப்பாவாடை உடுத்திய இரண்டு வயதுக் குழந்தை குளத்தின் விளிம்பில் குந்தியபடி, நீரில் மிதந்த பூவை எட்டிப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தது. அன்று ஒன்றும் நேரவில்லை. வீட்டில் இருந்த முப்பது பேரில் ஒவ்வொருவரும், குழந்தையை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்றே எண்ணியிருந்தோம்.

அந்தக் குழந்தை நீந்த வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியா, அரிசோனா, புளோரிடா ஆகிய மாநிலங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நீச்சல்குளங்களில் மூழ்கிய சம்பவங்களை அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பத்தில் ஏழு குழந்தைகள் அந்த நேரத்தில் குளத்தருகே இருப்பார்கள் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவே இல்லை எனத் தெரியவந்தது. நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட குழந்தைகள் பெரியவர்களின் கண்ணிலிருந்து மறைந்திருந்தது ஐந்து நிமிடங்களோ அதற்கும் குறைவாகவோதான். குளிக்கும் நேரத்தில் எல்லோருக்கும் எச்சரிக்கை இருக்கிறது. சமைக்கும் நேரத்திலும், தொலைபேசியில் பேசும் நேரத்திலும், விருந்தாளிகளை வழியனுப்பும் நேரத்திலும்தான் அது இருப்பதில்லை. ஆகவே, வீட்டில் நீச்சல்குளம் வைத்திருப்பவர் முதலில் செலவிட வேண்டியது தடுப்பு வேலிக்கே. கண்காணிப்பு அதற்கு அடுத்ததுதான்.

வேலி

வேலி என்றதும் பலரும் வீட்டின் சுற்றுச்சுவரைக் காட்டுவார்கள். சுற்றுச்சுவர் தெருவில் போகும் பிள்ளையைத் தடுக்கும். வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையைத் தடுக்காது. நம் தரைவீடுகளில் இடம் குறைவு என்பதால், வரவேற்பறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் இரண்டு எட்டில் தண்ணீர் வந்துவிடும்படிதான் குளங்கள் பெரும்பாலும் அமைகின்றன. மூன்று பக்கம் சுவர், நான்காவது பக்கம் வீடு என்ற அந்த அமைப்பில், வீடே குளத்தின் வாசலாகிவிடுகிறது. குளத்தை வீட்டிலிருந்தும் பிரிக்கும் நான்கு பக்கத் தடுப்பே வேண்டும். அழகு கெடுமே என்று தயங்குவோர் கண்ணாடித் தடுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள், தரையில் துளையிட்டுச் செருகி, தேவைப்படும்போது கழற்றக்கூடிய வலைத்தடுப்பை உரிமையாளரின் இசைவோடு பொருத்தலாம்.

அளவுகளில் விட்டுக்கொடுக்கக் கூடாது. உயரம் குறைந்தது 1.2 மீட்டர் இருக்க வேண்டும். கம்பிகளுக்கு இடையிலும், தரைக்கும் வேலியின் அடிப்பகுதிக்கும் இடையிலும் உள்ள இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குழந்தையின் உடல் நுழைந்துவிடும். குறுக்குக் கம்பிகள் வெளிப்பக்கம் இருந்தால் அவை ஏணிப்படிகளாகிவிடும். கதவு குளத்தை விட்டு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். அப்போதுதான் குழந்தை அதன்மேல் சாய்ந்து தள்ளினாலும் திறக்காது. கையை விட்டவுடன் கதவு தானாக மூடி, தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். தாழ் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பது நல்லது.

பொருத்திய நாளில் சரியாக இருக்கும் கதவு ஆறு மாதத்தில் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். நம் ஊரின் ஈரக்காற்றும் குளத்து நீரின் குளோரினும் சேர்ந்து கீல்களைத் துருப்பிடிக்கச் செய்யும், சுருள்வில்லும் தளர்ந்துபோகும். மாதம் ஒருமுறை கதவை அகலமாகத் திறந்து ஒரு தடவையும், ஒரு சாண் மட்டும் திறந்து ஒரு தடவையும் கையை விட்டுப் பாருங்கள். அகலமாகத் திறந்தபோது ஓங்கி மூடித் தாழிடும் கதவு, ஒரு சாண் திறந்தபோது தாழை எட்டாமல் நின்றுவிடுவதுண்டு. அப்படி நின்றால் அதே வாரம் சரிசெய்தாக வேண்டும். வேலிக்கு வெளியே ஒரு மீட்டர் தூரத்துக்குப் பூந்தொட்டி, நாற்காலி, காலணி அலமாரி, குளிர்சாதனக் கருவியின் வெளிப்பெட்டி என ஏறி நிற்கத்தக்க எதுவும் இருக்கக் கூடாது. கதவுக்கு முட்டுக்கொடுக்கும் அந்தச் செருப்பைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

குளத்தைப் பார்த்துத் திறக்கும் வீட்டுக் கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் உயரத்தில் ஒரு தாழ் போடுங்கள். திறந்தால் ஒலி எழுப்பும் மணி கூடுதல் துணையே ஆகும். ஒலி கேட்டு ஓடிவர ஒருவர் வீட்டில் இருந்தால்தான் அதற்குப் பயன். நீர்ப்பரப்பின்மேல் மிதக்கும் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பைப் பாதுகாப்பு மூடி என்று கருதுவது பெரும் தவறு. அதன்மேல் கால் வைக்கும் குழந்தை அடியில் சிக்கிக்கொள்ளும்; மேலிருந்து பார்ப்பவருக்கு அங்கே ஒரு குழந்தை இருப்பதே தெரியாது.

கண்

பத்துப் பேர் சேர்ந்து அடித்த பாம்பு சாகாது என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து பார்க்கும் பிள்ளைக்கும் அதே கதைதான். குளத்தில் பிள்ளைகள் இறங்கும்போது, அடுத்த 15 நிமிடங்களுக்கு இன்னார்தான் காவல் என்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். அவர் கையில் கைத்தொலைபேசி இருக்கக் கூடாது, மது அருந்தியிருக்கக் கூடாது, இறைச்சி வாட்டும் அடுப்பையும் கவனிக்கக் கூடாது. நேரம் முடிந்ததும் அடுத்தவரிடம், "அண்ணி, இப்போதிலிருந்து நீங்கள் பாருங்கள், மொத்தம் நான்கு பிள்ளைகள்" என்று வாய்விட்டுச் சொல்லி, அவர் "சரி, நான் பார்க்கிறேன்" என்று பதில் சொன்ன பிறகே நகர வேண்டும். எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் சிரிப்புக்கு இடமளித்திருக்கிறது. ஆனால் யாரும் அதை நிறுத்தவில்லை.

நீந்தத் தெரியாத சிறு குழந்தைகளுக்குக் கரையில் அமர்ந்து பார்ப்பது போதாது. கையெட்டும் தூரத்தில், பெரியவரும் நீருக்குள் இருக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 85 சென்டிமீட்டர். ஆகவே நமக்கு இடுப்பளவு இருக்கும் குளம் அதற்குத் தலைக்கு மேல் வெள்ளம்.

தாத்தா, பாட்டியிடமோ இல்லப் பணிப்பெண்ணிடமோ பிள்ளையை விட்டுச் செல்லும் வீடுகளில், அவர்களுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்பதற்கு நாம் கூசுகிறோம். கேட்டுவிடுவதே நல்லது. தெரியாது என்றால், பெற்றோர் இல்லாத நேரத்தில் குளத்தின் கதவு திறக்கப்படாது என்ற விதியை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். பேரன் அழுது அடம்பிடிக்கும்போது பாட்டி சாய்ந்துகொள்ள ஒரு விதி வேண்டும் அல்லவா? கூட்டுரிமை (கொண்டோமினியம்) வீடுகளின் குளங்களில் உயிர்காப்பாளர் இருப்பார் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலானவற்றில் எச்சரிக்கைப் பலகையும் மிதவை வளையமும் மட்டுமே இருக்கும்; கண்காணிப்புக் கேமராவோ நடந்ததைப் பதிவு செய்யுமே தவிர, நடப்பதைத் தடுக்காது.

மூழ்கும் குழந்தை எப்படி இருக்கும் என்பதைப் பலர் தவறாகவே எண்ணியிருக்கிறார்கள். திரைப்படங்களில் வருவதைப் போலக் கையை ஆட்டிக் கத்துவது அரிது. மூச்சுக்குத் திணறும் வாய்க்குக் குரல் எழுப்ப நேரமில்லை. கைகள் தாமாகவே பக்கவாட்டில் நீரை அழுத்தும். உடல் நிமிர்ந்தபடி, தலை பின்சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும். பார்ப்பவருக்கு அது விளையாட்டைப் போலத் தோன்றலாம். இந்தப் போராட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடக்கூடும், சின்னஞ்சிறு குழந்தைக்கு அதைவிட விரைவாக. கூச்சலிட்டு விளையாடிய பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால், அந்த அமைதிதான் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டிய அடையாளம்.

கைகளில் மாட்டும் காற்றுப் பட்டைகளையும், உட்கார்ந்து மிதக்கும் வாத்து, மயில் போன்ற மிதவைகளையும் விளையாட்டுப் பொருள்களாகவே கருத வேண்டும். அவை கழன்றும் கவிழ்ந்தும் போகின்றன. உயிர்காப்பு மேலாடை தேவைப்பட்டால் குழந்தையின் எடைக்கு ஏற்றதாக வாங்குங்கள். நீச்சல் உடையின் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல்: வெளிர்நீலமும் வெள்ளையும் குளத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும்; பளிச்சென்ற ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறங்கள் தெரியும்.

நீச்சல் வகுப்பு கட்டாயம் உதவும். 2010-இல் தொடங்கப்பட்ட ஸ்விம்சேஃபர் திட்டத்தின்வழி நம் தொடக்கப்பள்ளி மாணவர்கள் நீச்சலோடு நீர்ப் பாதுகாப்பையும் கற்கிறார்கள். ஆனால் வீட்டுக் குளத்தில் ஆபத்து மிகுந்த வயது ஒன்று முதல் நான்கு வரை. பள்ளி வகுப்பு வரும்வரை காத்திருந்தால் அந்தக் காலம் கடந்துவிடும். ஒரு வயதுக்குப் பிறகு வகுப்பில் சேர்ப்பது நல்லது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு வேலி வேண்டாம் என்பது அதன் பொருளாகாது.

குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடி உடைந்திருந்தாலோ கழன்றிருந்தாலோ, சரிசெய்யும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. நீரை உறிஞ்சும் விசை தலைமுடியையும் உடலையும் பிடித்துவைத்துக்கொள்ளும் அளவுக்கு வலியது. அமெரிக்கா 2007-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. குளித்து முடித்ததும் பந்துகளையும் பொம்மைகளையும் நீரிலிருந்து எடுத்துவிடுங்கள். சிறு குழந்தையை மறுபடியும் குளத்துக்கு இழுப்பவை அவைதாம்.

குளம் இல்லாத வீடுகள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்போர் இதெல்லாம் தமக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். தவழும் குழந்தைக்குச் சில சென்டிமீட்டர் நீரே போதும். தலை கனமாக இருப்பதால், வாளிக்குள் எட்டிப்பார்த்துக் கவிழ்ந்த குழந்தையால் மீண்டும் எழ முடியாது. குளியலறையில் வாளி நிறைய நீர் பிடித்துவைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. டெங்கிக் கொசுவுக்குப் பயந்து வாளிகளைக் கவிழ்த்துவைக்கக் கற்றுக்கொண்ட ஊர் இது. அதே வேலை குழந்தையையும் காக்கும். காற்றடைத்த சிறு குளத்தையும் பயன்படுத்திய உடனே காலி செய்துவிடுங்கள். கோய் மீன் தொட்டிக்கு நீர்மட்டத்தை ஒட்டி உறுதியான கம்பி வலை பொருத்தலாம்.

ஜூன் விடுமுறையில் ஜொகூரிலோ பாத்தாமிலோ குளத்தோடு கூடிய வீட்டை வாடகைக்கு எடுப்போருக்கு ஆபத்து இன்னும் அதிகம், ஏனெனில் அந்த வீட்டின் கதவுகள் பெற்றோருக்கே பழக்கமில்லாதவை. பதிவு செய்வதற்கு முன்பே குளத்தைச் சுற்றி வேலி உண்டா என்று கேளுங்கள். போய்ச் சேர்ந்ததும் பெட்டிகளை இறக்கும் முன்னர் ஒருவர் குளத்தருகே நிற்க வேண்டும். எல்லோரும் அறைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த அரைமணி நேரத்தில்தான் பிள்ளைகள் குளத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

நேர்ந்துவிட்டால்

குழந்தையைக் காணவில்லை என்றால் முதலில் தேட வேண்டிய இடம் குளம். கட்டிலின் அடியிலும் திரைக்குப் பின்னாலும் தேடி நிமிடங்களைச் செலவிட்ட பிறகு குளத்துக்கு வராதீர்கள். நான்கைந்து நிமிடங்கள் உயிர்வளி கிடைக்காவிட்டாலே மூளை பாதிக்கப்படத் தொடங்கும்.

நீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதும் நம் ஊர்களில் காலங்காலமாக இருந்துவரும் வழக்கம். இரண்டையும் செய்யக் கூடாது. அவை நேரத்தை வீணாக்கும். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகவும் காரணமாகும். கடினமான தரையில் மல்லாக்கக் கிடத்தி, மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். உடனே அவசர மருத்துவ உதவி எண்ணான 995-ஐ அழைத்துத் தொலைபேசியின் ஒலிபெருக்கியைத் திறந்துவையுங்கள்; அழைப்பை எடுப்பவர் செய்ய வேண்டியதைப் படிப்படியாகச் சொல்லித்தருவார். மூச்சு இல்லை என்றால், தலையைச் சற்றே பின்சாய்த்து, மோவாயை உயர்த்தி, முதலில் இரண்டு முறை வாய்வழி மூச்சு கொடுங்கள். நீரில் மூழ்கியவருக்கு நின்றுபோனது மூச்சு என்பதால் மூச்சிலிருந்தே தொடங்குகிறோம். கைக்குழந்தையானால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் அடக்கும் அளவு காற்றை மட்டும் ஊதினால் போதும். பிறகு நெஞ்சின் நடுவில், மார்புக்கூட்டின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையிலான வேகத்தில் 30 முறை அழுத்தி, மீண்டும் இரண்டு மூச்சு கொடுங்கள். மருத்துவ உதவி வரும்வரை, அல்லது குழந்தை மூச்சு விடும்வரை இதை நிறுத்தக் கூடாது. வாசித்துத் தெரிந்துகொண்டது பதற்றத்தில் கைக்கு வராது. குளம் உள்ள வீட்டில் பணிப்பெண் உட்பட ஒவ்வொரு பெரியவரும் குழந்தைகளுக்கான சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுத்து உயிர் மீட்கும் முதலுதவி) வகுப்புக்கு ஒரு நாள் ஒதுக்கிப் பழகிக்கொள்ள வேண்டும்.

குழந்தை இருமி, அழுது, கண்விழித்துத் தாயைத் தேடினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நீரை உள்ளிழுத்த நுரையீரலின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். எவ்வளவு நேரம் நீருக்குள் இருந்தது, எப்போது மூச்சு திரும்பியது என்பவற்றை வழியிலேயே ஒரு தாளில் குறித்துக்கொண்டால், அங்கே மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு விடை கையில் இருக்கும்.