மணல் பூசும் சிலந்தியும் அடையாளக் குழப்பங்களும்

அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் உள்ள பாலைநிலங்களில் ஹோமலோனிகிடே என்றொரு சிலந்திக் குடும்பம் வாழ்கிறது. அதில் ஒரே ஒரு பேரினம், ஹோமலோனிகஸ். அந்தப் பேரினத்திலும் இரண்டே இனங்கள். வலை கட்டாமல் தரையில் திரிந்து இரை பிடிக்கும். கல்லுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும். இரண்டே இனம்தானே, இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது.

பலரும் முதலில் சறுக்குவது நிறத்தில்தான். குஞ்சுகளும் பெண் சிலந்திகளும் உடம்பு முழுக்க நுண்ணிய மண்ணைப் பூசிக்கொள்கின்றன. அதனால் நாம் பார்க்கும் நிறம் சிலந்தியுடையது அல்ல, அந்த இடத்து மண்ணுடையது. வெளிர்மணலில் இருப்பது வெளிறித் தெரியும், செம்மண்ணில் இருப்பது சிவந்து தெரியும். இரண்டும் ஒரே இனமாக இருக்கலாம். சட்டை உரித்ததும் பழைய மண் போய்விடும், மறுபடி பூசியாக வேண்டும். வளர்ந்த ஆண் இந்த வேலையே வைத்துக்கொள்வதில்லை. சுத்தமான உடம்போடு நீண்ட கால்களை வீசி நடக்கும். ஆணையும் பெண்ணையும் அருகருகே பார்ப்பவர் வேறு வேறு சிலந்தி என்று எழுதிவிடுவார்.

மண் ஒட்டுவது பசையால் என்று நினைப்பதும் சரியல்ல. உடலில் உள்ள சிறப்பு முடிகளிலிருந்து இன்னும் மெல்லிய இழைகள் கிளைத்து நிற்கின்றன. நுண்துகள்கள் அவற்றில் பற்றிக்கொள்கின்றன. ஆப்பிரிக்க, தென் அமெரிக்கப் பாலைகளின் ஆறுகண் மணல் சிலந்திகளிலும் இதேபோன்ற முடியமைப்பு தனியாகத் தோன்றியிருக்கிறது என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நெருங்கிய உறவு இல்லாத இரு கூட்டங்கள் ஒரே வழியைக் கண்டிருக்கின்றன. எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகவும் பிடித்த சங்கதி இதுதான்.

ஆனால் இதே ஒற்றுமைதான் வீண் பயத்துக்கும் காரணம். ஆறுகண் மணல் சிலந்திகளின் நஞ்சு திசுக்களைச் சிதைக்கக் கூடியது. மண் பூசிய படம் ஒன்று கிடைத்தால் போதும், கொடிய விஷம் என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். ஹோமலோனிகஸ் மனிதருக்கு ஆபத்தானதாக அறியப்படவில்லை. அதற்கு எட்டுக் கண்கள். அதே பாலைநிலத்தில் வாழும், கடித்தால் திசுவைச் சிதைக்கக் கூடிய லோக்சோசிலிஸுக்கு, அதாவது ரெக்லூஸ் வகைச் சிலந்திக்கு, ஆறு கண்கள், மூன்று ஜோடிகளாக. அதனால் முதுகை மட்டும் படம் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். முகத்தையும் ஒரு படம் எடுங்கள்.

ஹோமலோனிகஸின் இரண்டு இனங்களுக்குத் தியோலோகஸ், செலினோபாய்டிஸ் என்று பெயர். எது எந்த இனம் என்று சொல்ல வெளித்தோற்றம் உதவாது. கொலராடோ ஆற்றுக்கு மேற்கே பெரும்பாலும் தியோலோகஸ், கிழக்கே பெரும்பாலும் செலினோபாய்டிஸ் என்பது நல்ல துப்பு, அவ்வளவே. பெண்ணின் இனப்பெருக்க உறுப்பையும் ஆணின் வாயருகே உள்ள உணர்கால்களையும் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நிபுணர்களுக்கும் இங்கே கால் இடறும். 1991இல் இந்தியாவிலிருந்து ராகவாய் என்ற இனத்தை ஹோமலோனிகஸில் சேர்த்து விவரித்தார்கள். பிறகு அது சோடாரிடே குடும்பத்தின் ஸ்டோரினோமோர்ஃபா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பழைய பட்டியல்களை நம்பி, இந்தக் குடும்பம் நம் நாட்டிலும் உண்டு என்று எழுதிவிட வேண்டாம்.

களத்தில் செய்யும் தவறுகள் வேறு. வெறுங்கையால் கல்லைப் புரட்டக் கூடாது. அரிசோனாவில் அதே கல்லடியில் பட்டைத் தேள் இருக்கலாம், அதன் கொட்டுதான் அங்கே நிஜமான ஆபத்து. புரட்டிய கல்லை இருந்த இடத்தில், இருந்த பக்கமாகவே திருப்பி வையுங்கள். அடியில் மண் உருண்டை போல ஏதாவது தெரிந்தால் சுரண்டிப் பார்க்காதீர்கள். முட்டைப் பையையும் இது மணல் கலந்தே மூடி வைக்கும். அப்புறம், ஜோஷுவா ட்ரீ போன்ற தேசியப் பூங்காக்களில் அனுமதி இல்லாமல் ஒரு சிலந்தியைக்கூட எடுத்துவரக் கூடாது.