ரசிகர்களை வைத்துப் பாடல் வீடியோ எடுக்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் ஓர் இளைஞர் குழு தங்கள் முதல் பாடல் வீடியோவை எடுத்தபோது உடனிருந்தேன். திறந்த மைதானம், 400 ரசிகர்கள், மேடையின் இருபுறமும் பெரிய ஸ்பீக்கர்கள். பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் முதல் படப்பிடிப்பில் நான் ஸ்பீக்கர் வைத்ததும் அப்படித்தான். சொல்லிப் பார்த்தேன். "கடைசி ஆள் வரைக்கும் சத்தம் நல்லாவே கேக்குதுண்ணே" என்றார் இயக்குநர் தம்பி. கேட்கத்தான் செய்தது. எப்போது கேட்கிறது என்பதை அவர் யோசிக்கவில்லை.

பேட்டரி, மெமரி கார்டு, மழை பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்தவை. கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் செய்யக் கூடாத ஒரு தவறு.

மேடை ஸ்பீக்கரை நம்பிக் கூட்டத்தைக் கைதட்டச் சொல்வது

ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும். நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கும் கேமராவில் ஒரு ஃப்ரேம் என்பது 0.04 நொடி. அதற்குள் ஒலி கடப்பது சுமார் 14 மீட்டர். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி நிற்பவர் காதில் தாளம் விழும்போது 5 ஃப்ரேம் ஓடியிருக்கும்.

என் படப்பிடிப்பில் பல்லவி முடிவில் நான்கு தட்டு. 600 பேரும் ஒன்றாகத் தட்ட வேண்டும். களத்தில் நிற்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை, உற்சாகம் பொங்கியது. எடிட்டிங் மேசையில்தான் பார்த்தோம்: முன்வரிசைக் கைகள் சேர்ந்திருக்கின்றன, அதே ஃப்ரேமில் பின்வரிசைக் கைகள் இன்னும் விரிந்தே இருக்கின்றன. க்ளோஸ்-அப் என்றால் 5 ஃப்ரேம் முன்னால் இழுத்து வைத்துவிடலாம். வைட் ஷாட்டில் முன்னும் பின்னும் ஒரே படத்தில் இருக்கின்றன. எதை இழுப்பது? அந்த ஷாட்டுக்காகத்தான் அத்தனை பேரையும் அழைத்திருந்தோம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நெருக்கமான துண்டுகளை வைத்து ஒப்பேற்றினோம். வந்தவர்களில் பலர் வீடியோவில் தங்களைத் தேடிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதினார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்த எரிச்சல் இன்றும் தீரவில்லை.

இடையிடையே ஸ்பீக்கர் வைத்தால் போதுமே என்பீர்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கச்சேரிக்குப் பழகிய சவுண்ட் இன்ஜினியர் பின்னால் உள்ள ஸ்பீக்கர்களுக்கு டிலே போடுவார், அதாவது அவை சற்றுப் பிந்தி ஒலிக்கும்படி வைப்பார். மேடை ஒலி அங்கே வந்து சேரும் நேரத்துக்குச் சரியாக அவையும் ஒலித்தால்தான் கேட்பவருக்கு எதிரொலி இருக்காது. கச்சேரிக்கு அது முற்றிலும் சரி. நமக்கு அதுவே எதிரி, ஏனென்றால் பின்வரிசை மறுபடியும் அதே 5 ஃப்ரேம் பிந்திவிடுகிறது. ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: எந்த ஸ்பீக்கருக்கும் டிலே வேண்டாம், சத்தத்தைக் குறைத்து, சின்ன ஸ்பீக்கர்களை நெருக்கமாக வையுங்கள். கொஞ்சம் எதிரொலி கேட்கும். கேட்டால் என்ன? களத்து ஒலி வீடியோவில் வரப்போவதில்லை, ஸ்டுடியோப் பாட்டுதான் வரும்.

இன்னும் உறுதியான வழி கண்ணுக்குக் காட்டுவது. மேடை மேல் உயரமான இடத்தில் ஒருவர் கைகளை அகல விரித்துத் தாளம் காட்டட்டும். கூட்டம் காதை விட்டுவிட்டு அவரைப் பார்த்துத் தட்டட்டும். ஒளிக்குத் தாமதம் இல்லை.

இதே சிக்கல் எடிட்டிங்கிலும் வரும். பின்னால் நிற்கும் கேமராவின் மைக்கிலும் பாட்டு பிந்தித்தான் பதிவாகும். எடிட்டிங் மென்பொருள் அந்த ஒலியின் வேவ்ஃபார்மை (அலை வடிவத்தை) வைத்துப் பாட்டோடு பொருத்தினால் அந்தக் கேமராவின் படம் முன்னால் நகர்ந்துவிடும். பாடகரின் உதடு பாட்டை முந்தும். எல்லாக் கேமராவுக்கும் டைம்கோட், அதாவது ஒரே கடிகார நேரம், கொடுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் எல்லாக் கேமராவும் பார்க்கும்படி ஒரு ஃபிளாஷ் அடியுங்கள், அந்த வெளிச்சத்தை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம்.

பாடகரை நேரடியாகப் பாடவைப்பது

கூட்டத்தைக் கண்டால் பாடகருக்கு வேகம் ஏறும். டேக்குக்கு டேக் தாளம் மாறினால் ஒன்றோடொன்று வெட்டிச் சேர்க்க முடியாது. பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டு, அதன் மேல் வாய்விட்டே பாடச் சொல்லுங்கள். கழுத்து நரம்பு அசையாத வாயசைப்பு உடனே தெரிந்துவிடும்.

வைட் ஷாட்டைக் கடைசிக்கு வைப்பது

மூன்றாவது மணி நேரத்தில் பாதிக் கூட்டம் இருக்காது. முதலில் எடுங்கள்.

ரசிகர் போனில் எடுத்ததை அப்படியே எடிட்டிங் டைம்லைனில் போடுவது

பெரும்பாலான போன்கள் ஃப்ரேம் வேகத்தை ஒரே சீராக வைப்பதில்லை. தொடக்கத்தில் பாட்டோடு பொருந்திய உதட்டசைவு (லிப் சிங்க்) இரண்டாவது சரணத்தில் விலகி நிற்கும். முதலில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வாங்குவதானால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் படம் சுருங்கி வரும்.

எடுக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நடுவில் நிறுத்த வேண்டாம். 2004இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பீஸ்டி பாய்ஸ் இசைக்குழு 50 ரசிகர்களிடம் கேமராவைக் கொடுத்தபோது, நிகழ்ச்சி முடியும்வரை நிறுத்தாமல் எடுக்கத்தான் சொன்னது. நீளமான ஒரே பதிவை ஒருமுறை பொருத்தினால் முடிந்தது. பத்து வினாடித் துண்டுகள் நூறு வந்தால் எடிட்டருக்கு ஒரு வாரம் போய்விடும்.

ஸ்லோ மோஷனுக்குப் பாட்டை அதே வேகத்தில் ஓட்டுவது

50 ஃப்ரேமில் எடுத்து 25இல் காட்டினால் படம் பாதி வேகத்தில் ஓடும். உதடு பாட்டோடு பொருந்த, களத்தில் பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். கூட்டத்துக்கு ஒருமுறை ஒத்திகை கொடுங்கள், ஒரு வரிக்கு மேல் கேட்காதீர்கள்.

ஒப்புதல் கையெழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

நுழைவாயிலிலேயே வாங்குங்கள். சிறுவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து.